பிள்ளைகளிடமிருந்து நூலகத்தைக் காப்பது எப்படி?

தென்காசி வட்டாரத்துப் பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் இன்னமும் நூலகத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே சார் புத்தகத்தைத் தொடுகிறார்கள்?" என்று மேடைக்கு மேடை தொண்டை வற்றப் பேசியும் அந்தச் செய்தி பிள்ளைகளுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் முதுகில் பையும் கையில் கடித்த கொய்யாக்காயுமாக ஏழெட்டுப் பேர் வந்து வாசலில் செருப்பை உதறுகிறார்கள். ஒரு செருப்பு கிழக்கே கிடக்கும், இன்னொன்று மேற்கே கிடக்கும். அதிலேயே தெரிந்துவிட வேண்டாமா, வந்திருப்பது வாசகர்கள் அல்ல, படையெடுப்பு என்று?

நான் ஒரு கிளை நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிக்கிற ஆள். சம்பளம் கிடையாது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அங்கே மட்டும்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். பிள்ளைகளை நூலகத்திலிருந்து அப்புறப்படுத்தும் கலையில் நம் சமூகம் அடைந்திருக்கும் தேர்ச்சியைக் கிட்ட இருந்து பார்த்தவன் என்ற முறையில், சில நுணுக்கங்களைப் பொதுநலம் கருதி எழுதி வைக்கிறேன்.

முதல் ஆயுதம் பீரோ. சிறுவர் புத்தகம் என்றால் வண்ணப் படம் இருக்கும், வழவழப்பான தாள் இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். ஆகவே பூட்டி வைக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட பீரோ இன்னும் விசேஷம். பிள்ளை வெளியே நின்று அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். சாவி எங்கே என்று கேட்டால், மேடம் வரட்டும். மேடம் வந்ததும், இன்றைக்கு மாத அறிக்கை அனுப்பும் வேலை இருக்கிறது, நாளைக்கு வா. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு வார விடுமுறை. இத்தனையும் தாண்டி ஒரு பிள்ளை சனிக்கிழமை வந்து நின்றால் கடைசி அஸ்திரத்தை எடுக்கலாம்: "உறுப்பினர் அட்டை இருக்கா? ஆதார் ஜெராக்ஸோட அப்பாவைக் கூட்டிட்டு வா." அப்பா புனலூரில் கொத்து வேலை. மாசம் ஒரு தடவைதான் வருவார். வந்த அன்றைக்கு அவர் செய்கிற முதல் காரியம் நூலகத்துக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்து வருவதாக இருக்குமா என்ன?

நூலகரைத் திட்டிப் பயனில்லை. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் அந்த அம்மாள்தான் பதில் சொல்ல வேண்டும். புத்தகம் கிழிந்தால் கேள்வி வரும். அதே புத்தகம் ஒரு கையும் படாமல் பத்து வருஷம் புதுசாகவே கிடந்தால் எந்தக் கேள்வியும் வராது. இப்படி ஒரு கணக்கு முறையைச் செய்து வைத்துவிட்டு, "நூலகர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்ளத் தனித் திறமை வேண்டும். கூட்டுவதும் அவரே, பதிவேடு எழுதுவதும் அவரே, நாளிதழ்களைக் கோத்து வைப்பதும் அவரே. இதில் பிள்ளைகளுக்குக் கதையும் சொல்ல வேண்டுமாம்.

பூட்டிய பீரோவுக்குள் போய்வர அனுமதி உள்ள ஒரே ஜீவன் ராமபாணப் பூச்சி. ஆனி பிறந்தால் குற்றாலத்துச் சாரல் தென்காசி ஜன்னல்களிலும் அடிக்கும். ஊருக்கெல்லாம் அது குளுகுளு. நூலகத்துக்கு அது பூசணம். அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தாள் பழுக்கும். பூச்சிக்கு ஆதார் வேண்டாம், அப்பா கையெழுத்தும் வேண்டாம். எங்கள் நூலகத்துச் சிறுவர் கலைக்களஞ்சியத்தில் முன்னட்டையில் நுழைந்து பின்னட்டையில் வெளியே வந்த வாசகர் இன்றுவரை அது ஒன்றுதான்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் பயன்படுத்துவதற்காக இருக்கிறது என்பது அதில் முதலாவது. அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம். பீரோ சாவியை அந்தப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுகிறோம். அதே 1931-இல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு மாடு நடந்த தூரத்தை இன்றைக்கு நம் சாவி நடக்கவில்லை.

பீரோவைத் தாண்டிய பிள்ளையை என்ன செய்வது? அதற்குத்தான் சுவரில் "அமைதி காக்கவும்" பலகை இருக்கிறது.

தென்காசியில் வ.உ.சி. பெயர் தாங்கிய வட்டார நூலகம் தொடங்கிச் சுற்றுவட்டாரத்துச் சின்ன நூலகங்கள் வரை மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வீட்டில் ஒரே அறை, ஒரே மின்விசிறி, அதன் கீழே டிவி. வேறெங்கே போவார்கள்? அங்கே படித்து வேலைக்குப் போனவர்களைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் குரூப் 4 எழுதுகிறவரையும் நாலாம் வகுப்புப் படிக்கிறவனையும் ஒரே கூடத்தில் ஒரே மேசையில் உட்கார வைத்து, இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கிவிட்டுச் சென்னையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்களே, கோபம் அவர்கள் மேல். முல்லா கதையைப் படித்து ஒரு பயல் சத்தமாகச் சிரித்துவிட்டான். உடனே நாலு தலை நிமிர்ந்தது. "தம்பி, வெளிய போய்ச் சிரி." போனான். வெளியே போய்ச் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டான்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில்தான் குடியிருந்தார். கம்பனில் ஒரு பாட்டைப் பிடித்தால் விடாமல் மணிக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பரவசப்படுகிறவர். ராஜாஜியும் கல்கியும் அதைக் கேட்க வந்திருக்கிறார்கள். நல்லவேளை, 1954-இலேயே காலமாகிவிட்டார். இன்றைக்கு நம் நூலகம் ஒன்றில் அவர் வாய்விட்டு ஒரு செய்யுளைச் சொல்லியிருந்தால், பின்னால் இருந்து ஒரு குரல் வந்திருக்கும்: "பெரியவரே, வெளிய போய் ரசிங்க."

சரி, விரட்டியும் போகாத பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? நீதிக்கதை. நூலக ஆணைக்கென்றே அச்சடிக்கப்படும் நூல்கள் என்று ஒரு வகை உண்டு; அந்தத் தொழிலைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அதே நரி, அதே காக்கா, அதே பேராசைக்கார விறகுவெட்டி. மேலட்டையும் தலைப்பும் மட்டும் வேறு. ஒவ்வொரு கதைக்கும் கீழே பெட்டி கட்டி ஒரு நீதி. எங்களிடம் வருகிற ஒரு பையன் அந்தப் பெட்டியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் கதையை வாசிப்பான். ஏன்டா என்று கேட்டேன். "அது சார் படிக்கறதுக்கு இல்ல சார், கேள்வி கேக்கறதுக்கு" என்றான். தமிழ்ச் சிறுவர் பதிப்புலகம் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அவர்களுக்கு வேண்டியது வேறு. பேய்க்கதை இருக்கா சார்? புலியருவியில நெசமாவே புலி இருந்துச்சா, இல்ல சும்மா பேரா? கடல்ல உப்ப யாரு போட்டா? நீங்க ஏன் சார் சம்பளம் இல்லாம வாரீங்க, வேற வேலை கிடைக்கலியா? கடைசிக் கேள்விக்குத்தான் நான் திணறினேன். மற்றவற்றுக்குப் புத்தகம் இருக்கிறது, பீரோவுக்குள்.

இரும்புக்கை மாயாவியை 1972-இல் தமிழுக்குக் கொண்டுவந்த முத்து காமிக்ஸ் நமக்குப் பக்கத்துச் சிவகாசியிலிருந்துதான் வந்தது. அதைப் படித்து வளர்ந்த அப்பாக்கள் இன்று தங்கள் பிள்ளை கையில் படக்கதையைக் கண்டால், "இதெல்லாம் படிச்சா மார்க்கு வருமா?" என்கிறார்கள். 1947-இல் பிறந்த அம்புலிமாமா நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. கோகுலம் 2019-இல் நின்றது, சுட்டி விகடன் 2020-இல் நின்றது. ஒவ்வொன்று நின்றபோதும் நாம் பழைய நினைவுகளைப் பகிர்ந்து கண்ணீர் விட்டோம். சந்தா கட்டியிருந்தோமா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை; அது நாகரிகமும் அல்ல.

பள்ளிக்கூடத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். ப்ராஜெக்ட் என்று ஒன்று கொடுக்கிறார்கள். "பத்துத் தலைவர்களின் படம் ஒட்டி வா." படத்துக்குப் பிள்ளை எங்கே போகும்? நூலகத்து வார இதழில் நேருவைக் கிழித்துக்கொண்டு ஓடும். மறுநாள் நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் 'மிக நன்று' போடுவார். இங்கே நாங்கள் "கிழித்தவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒட்டுவோம். ஒரே குற்றத்துக்கு ஒரே நாளில் பரிசும் தண்டனையும்.

இனி சிரிப்புக்கு வழியில்லாத இடத்துக்கு வருகிறேன்.

ஆறாம் வகுப்பு வரை பெண்பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். வேகமாக வாசிப்பார்கள், திருப்பித் தருவார்கள், அடுத்த பாகம் கேட்டு நச்சரிப்பார்கள். ஏழு, எட்டு வகுப்பில் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போவாள். யாரும் தடை உத்தரவு போட்டதில்லை. "பெரிய மனுஷி ஆயிட்டா", "அங்க பயலுவல்லாம் வாரானுவ", "இருட்டிருச்சு". இந்த மூன்றே வாக்கியத்தில் காரியம் முடிந்துவிடும். நூலகத்தில் அவள் போக ஒரு கழிப்பறை இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் இருக்கிறது, அதுவும் பூட்டித்தான் இருக்கிறது.

ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கத்து வீடுகளில் பீடிதான் அடுப்பெரிக்கிறது. மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் நாளெல்லாம் சுற்றுகிறார்கள். ஆயிரம் என்று கணக்கு. அம்மா கை வலித்து நிமிர்ந்தால் மகள் கை அந்தச் சுளகுக்குப் போகும். ஒன்பதாம் வகுப்புக்காரி ஒருத்தி நாவல் ஒன்றைச் சுளகுக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்திருக்கிறாள். கண்டுபிடித்த தாய் புத்தகத்தோடு வந்து நின்றார். "இனி இவளுக்குப் பொஸ்தகம் குடுக்காதீங்க சார். இவ கத படிச்சா மிச்சத்த யாரு சுத்துவா?" என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு கிடையாது. ஆனால் நூலகத் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் உடனே நியாயம் பேச வந்தார்: "அவ சொல்றது சரிதான சார், பொட்டப் பிள்ளைக்கு நாவல் எதுக்கு?" அவர் விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்தது பீடி. எந்த வீட்டுப் பிள்ளை சுற்றியதோ.

பையன்கள் கதை வேறு மாதிரி. பதினைந்து வயசுப் பயல் ஒருவன் தனியாக வந்தால் வாசகன். நாலு பேராக வந்தால் கும்பல். தலைமுடியில் ஒரு கோடு போட்டிருந்தால் போலீஸுக்குச் சொல்லலாமா என்கிற அளவுக்கு யோசனை ஓடும். இதே பயலைச் சீசன் மாதங்களில் குற்றாலத்துக் கடைக்காரர் ஒருவர் பழம் அடுக்கவும் துண்டு விற்கவும் வைத்துக்கொண்டால் அவன் 'பொறுப்பான பையன்'. நூலகத்தில் நாற்காலி கேட்டால் காலிப்பயல். பேரருவிக் கரையில் ஒரு குரங்கு உங்கள் கையில் இருக்கும் ரம்புட்டானைப் பறித்துக்கொண்டு போனால், "அய்யோ பாவம், வாயில்லா ஜீவன்" என்கிறோம். ஒரு பயல் அனுமதியில்லாமல் ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டால் ஊரே சேர்ந்து நடத்தையைத் திருத்துகிறது. அவன் போய்ப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து கைபேசியைத் தேய்ப்பான். அப்புறம் அதற்கும் நாமே கூட்டம் போட்டு வருத்தப்படுவோம்.

கைபேசி வேண்டாம், கம்ப்யூட்டராவது கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்ல ஆசைதான். தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஜோஹோக்காரர்கள் உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். எங்கள் நூலகத்துக் கம்ப்யூட்டர் மேல் போட்ட துணியை எடுத்து நான் பார்த்ததில்லை. பழுதாகிவிடுமாம்.

நவம்பர் 14-இல் தேசிய நூலக வாரம் தொடங்கும். அந்த வாரம் பிள்ளைகளை நாமே கூப்பிடுவோம். எண்ணிக்கை வேண்டுமல்லவா? பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை போகும். சீருடையில் வரிசையாக வருவார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் விருந்தினருக்கு, சிமெண்டுத் தரை வாசகர்களுக்கு. பத்து மணிக்கு என்று போட்ட விழா பன்னிரண்டுக்குத் தொடங்கும். சிறப்பு விருந்தினர் வாசிப்பின் மேன்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசியாகத் தான் படித்த புத்தகம் எது என்பதை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிடுவார். மாறுவேடப் போட்டியில் குறைந்தது ஆறு பாரதிகள் நிற்பார்கள். கண்மையில் மீசை, அப்பாவின் வேட்டியில் தலைப்பாகை, வேர்வையில் மீசை கரைந்து உதட்டில் இறங்கும். அசல் பாரதி சிறையிலிருந்து வந்து 1918 கடைசியிலிருந்து 1920 வரை இதே மாவட்டத்துக் கடையத்தில், செல்லம்மாள் பிறந்த ஊரில், காசில்லாமல் கஷ்டப்பட்டார். அந்த ஆள் இன்றைக்கு உள்ளே வந்தால் உறுப்பினர் அட்டை கேட்போம், முகவரிச் சான்று கேட்போம், சத்தம் போட்டதற்கு வெளியே அனுப்புவோம். வேஷம் போட்ட ஆறு பேருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுப்போம். புத்தகம் கொடுக்க மாட்டோம். பிள்ளைகள்தான் படிப்பதில்லையே.

இதற்கெல்லாம் பணம் இல்லை என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. இருக்கிறது, ஐயா. நீங்களும் நானும் கொடுத்த பணம்.

1948-இல் சென்னை மாகாணத்தில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரியோடு நூலகத்துக்கென்று தனி வரி. இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா. அதை நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும் வசூல் செய்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும். வசூல் மட்டும் ஒழுங்காக நடக்கிறது. சேர்ப்பதில்தான் சிக்கல். சென்னை மாநகராட்சியே கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருந்தது பலமுறை செய்தியானது. தலைநகரே அப்படி என்றால் மற்ற ஊர்கள் யாரைப் பார்த்துப் பழகும்? ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தைத் தவணை தப்பித் திருப்பிக் கொடுத்தால் அபராதம். பிள்ளையின் புத்தகப் பணத்தையே ஓர் அலுவலகம் வருஷக்கணக்கில் திருப்பிக் கொடுக்காவிட்டால் அதற்குப் பெயர் நிர்வாகச் சிக்கல்.

கட்டடம் கட்டுவதில் நமக்குக் குறைவே இல்லை. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் ஊருக்கு ஒரு நூலகம் என்றார்கள். கட்டினார்கள், புத்தகமும் வாங்கினார்கள். ஆட்சி மாறியதும் எத்தனையோ ஊர்களில் அவை பூட்டிக் கிடந்து ஆடு படுக்கிற இடமாயின. கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அடுத்த ஆண்டு நவம்பரிலேயே இடம் மாற்றிவிட்டு அங்கே குழந்தைகள் மருத்துவமனை கொண்டுவரப் போவதாக அன்றைய அரசு அறிவித்தது. குழந்தைகளின் பெயரைச் சொல்லியே குழந்தைகளின் புத்தகத்தைக் காலி செய்யும் அந்த மூளையை எண்ணி வியக்கிறேன். உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றதால் நூலகம் தப்பியது. 2023 ஜூலையில் மதுரையில் 200 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. பிள்ளைகளுக்கான பகுதி கண்ணைப் பறிக்கும். பார்த்து மகிழ்ந்தேன், பொய் சொல்லவில்லை. தென்காசியிலிருந்து அது 150 கிலோமீட்டருக்கு மேல். சுளகை மடியில் வைத்திருக்கிற பிள்ளை எந்த பஸ்ஸைப் பிடித்துப் போய் வரும்?

பெரிய நூலகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் அறை, பூட்டாத அலமாரி, பூட்டாத கழிப்பறை, கதை சொல்ல ஓர் ஆள், கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்காத தணிக்கை. இவ்வளவுதான் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் சொத்து வரி ரசீது இருக்கும். எடுத்துப் பாருங்கள், நீங்கள் கட்டியதில் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் நூலக வரியாக வசூலித்தது எவ்வளவு, நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு? கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். எழுதச் சோம்பலாக இருந்தால் வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். பிழையில்லாமல் எழுதித் தரும்.